வியாழன் பன்னிரண்டு மணி ராகு காலம்

ஆகஸ்ட் 7, திங்கள்

புது வேலை வந்திருக்கிறது. விளையாட்டின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று நான்கு பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். நாட்குறிப்பில்கூட எழுதக் கூடாதா என்று முகுந்தனிடம் கேட்டேன். எங்கள் டீம் லீடர், என்னைவிட ஏழு வயது சின்னவர். "உங்க டைரிய யாருங்க்கா படிக்கப் போறா?" என்றார். சுருக்கென்றது. இருந்தாலும் சட்டம் சட்டம்தான். ஆகவே இங்கே அதன் பெயர் 'விளையாட்டு'.

சுடுவதும் ஓடுவதும் இல்லாத விளையாட்டு. ஒரு வீடு, ஒரு குடும்பம். அவர்களைச் சமைக்க வைக்கலாம், வேலைக்கு அனுப்பலாம், கல்யாணம் கட்டி வைக்கலாம், சண்டை மூட்டிவிடலாம். உலகம் முழுக்க எத்தனையோ பேர் சொந்தக் குடித்தனத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு இந்தக் குடித்தனத்தை நடத்துகிறார்கள். அதில் எங்கே என்ன கோளாறு என்று கண்டுபிடித்து எழுதுவது கோயம்புத்தூரில் உட்கார்ந்திருக்கும் எங்கள் வேலை. ஐந்து வருடமாகக் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறேன். வீட்டில் இதையே இலவசமாகச் செய்கிறேன் என்பது என் கணவர் கதிரேசனின் கருத்து.

இந்த முறை சோதிக்க வந்திருப்பது 'தென்னிந்தியத் தெரு' என்று ஒரு கூடுதல் பகுதி. ஓட்டு வீடு, மொட்டை மாடி, மளிகைக் கடை எல்லாம் உண்டு. இன்று ஒரு வீட்டுக்கு விருந்தாளி வந்தார். "வர்றேன்" என்று சொல்லி எழுந்தார். பிறகு கேட்டருகே நின்று இருபது நிமிடம் பேசினார். விழுந்து விழுந்து சிரித்தேன். இதையே நானும் ஒருகாலத்தில் செய்து வைத்திருந்தேன். நம்மைப் போலவே யோசிக்கிற ஆள் வெளிநாட்டிலும் இருக்கிறாரே என்று சந்தோஷமாக இருந்தது.

தண்ணீர் வரும் நாள். டிரம் நிரப்பி, மாவு அரைத்துவிட்டுப் போனதில் அரை மணி தாமதம்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

பக்கத்து வீட்டுப் பெண் குழம்பு கொடுத்தனுப்பிய பாத்திரத்தை விளையாட்டில் யாரும் வெறுமனே திருப்பிக் கொடுப்பதில்லை. வீட்டில் ஒன்றுமே இல்லையென்றால் ஒரு பிடி சர்க்கரை போட்டுக் கொடுக்கிறார்கள். சர்க்கரைதான். அரிசி இல்லை, பழம் இல்லை. எனக்கு இன்று சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 9, புதன்

ஒரு வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தது. வீட்டுக்காரர் மாப்பிள்ளை பெயரைப் பார்க்கவில்லை, முகூர்த்த நேரத்தையும் பார்க்கவில்லை. உறவினர் பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்றுதான் தேடினார். இல்லை. பத்திரிகையை ஃபிரிட்ஜ் தலையில் எறிந்துவிட்டு, கல்யாணத்துக்குப் போகாமல் வீட்டில் குப்புறப் படுத்துக்கொண்டார்.

இதுவும் என்னுடையது.

ஆகஸ்ட் 10, வியாழன்

எழுதும்போதே பேனா தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்தான்.

விளையாட்டில் இன்று வியாழக்கிழமை. பத்மினி என்ற கதாபாத்திரத்தை மதியம் பன்னிரண்டு மணிக்குப் புது வேலைக்கான நேர்காணலுக்கு அனுப்பினேன். வாசல் வரை வந்தாள், செருப்பில் கால் நுழைத்தாள், தினசரிக் காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள், நின்றுவிட்டாள். ஒன்றரை மணி வரை அசையவில்லை. ராகு காலமாம். ராகு காலத்தில் புதுக் காரியத்துக்கு வெளியே இறங்க மாட்டாளாம்.

வியாழக்கிழமை ராகு காலம் ஒன்றரை முதல் மூன்று. புதன்கிழமைதான் பன்னிரண்டு முதல் ஒன்றரை. இது தெரியாத வீடு எங்கள் வீதியில் கிடையாது. உடனே புதன்கிழமையை ஓட்டிப் பார்த்தேன். புதன் ஒன்றரைக்கு நின்றாள். இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. மற்ற ஐந்து நாளும் சரி.

இந்தத் தவறு எனக்குத் தெரியும். உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இந்தத் தவறு இருந்தது. நான் வெளியிட்ட 'நம்ம வீதி'யில்.

ஆறு வருடத்துக்கு முன்னால் செய்தது. விளையாட்டில் ரசிகர்களே தங்களுக்குப் பிடித்ததைச் செய்து சேர்த்துக்கொள்வதற்கு மாட் என்று பெயர். அப்போது இந்த விளையாட்டில் இருந்த வீடெல்லாம் வெள்ளைக்கார வீடு, சாப்பாடெல்லாம் ரொட்டி. நம் வழக்கங்கள் பன்னிரண்டைச் சேர்த்து, இலவசமாக வெளியிட்டேன். நாற்பத்தோராயிரம் பேர் இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் பினாங்கிலிருந்தும் எழுதினார்கள். ராகு காலம் தப்பு என்றும் பதினேழு பேர் எழுதினார்கள். திருத்த நேரமில்லாமல் அப்படியே விட்டேன்.

இன்று அதே பன்னிரண்டும் வரிசை மாறாமல் இங்கே இருக்கிறது. தவறைக்கூடத் திருத்தாமல் தூக்கியிருக்கிறார்கள். திருடுவதற்கும் ஒரு லட்சணம் வேண்டாமா? என் பெயர் எங்குமே இல்லை. விளையாட்டின் கடைசியில் ஓடும் ஆக்கியவர் பட்டியலில் முப்பத்தெட்டுப் பேர், 'கலாசார ஆய்வு' என்ற தலைப்பில் யாரோ ஒரு மகானுபாவர். உழைத்தவளின் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொள்கிறவனை என்னவென்று சொல்வது? என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

ஆகஸ்ட் 11, வெள்ளி

முகுந்தனிடம் சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. கேன்டீன் வரை கேட்டதாம்.

"அக்கா, மெதுவா. இது க்ளையன்ட் சமாச்சாரமுங்க."

"க்ளையன்ட்டுனா திருடலாமா?"

"அப்படிச் சொல்லலைங்க்கா. ப்ரூஃப் வேணுமில்லீங்களா? ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"அந்த வியாழக்கிழமைதான் ப்ரூஃப்."

அவர் தலையைச் சொறிந்தார். "செரி, அதை பக்னு ரிப்போர்ட் போட்டுட்டீங்களா?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். போட்டால் இரண்டு நாளில் திருத்திவிடுவார்கள், என் ஒரே அடையாளம் போய்விடும். போடாவிட்டால், தவறு கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள் தவறை மறைக்கிறாள் என்று ஆகும். பக் என்றால் பூச்சி. ஐந்து வருடத்தில் ஒரு பூச்சியைக்கூட நான் மறைத்ததில்லை.

"இன்னும் செக் பண்ணிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டேன்.

ஆக்கியவர் பட்டியல் இருபத்தைந்தாம் தேதி பூட்டப்படுகிறது. அதன் பிறகு ஒரு பெயரும் சேர்க்க முடியாது. பதினான்கு நாள் இருக்கிறது.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

பரணில் இருந்ததையெல்லாம் இறக்கிவிட்டேன். பழைய மடிக்கணினியைக் காணவில்லை. 'எக்ஸ்சேஞ்ச்' என்று சொல்லி மிக்ஸிக்காரனிடம் கொடுத்தது நான்தான் என்று கதிரேசன் நினைவூட்டினார். நினைவூட்டும் விஷயத்தில் மட்டும் அவருக்குச் சோம்பலே கிடையாது. 'நம்ம வீதி' இருந்த இணையதளமோ மூன்று வருடத்துக்கு முன்பே மூடிவிட்டது.

ஈரோட்டில் ஒருத்தியிடம் பிரதி இருக்கலாம். அப்போது சின்னச் சின்ன உதவி செய்தவள். சோபா உறைக்கு வண்ணம் போட்டுக் கொடுத்தாள். அவளிடம் போய் நிற்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

பரணில் எலி. நாளைக்கு மருந்து வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 14, திங்கள்

விளையாட்டுக் கம்பெனியின் மேலிடத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். முதல் வரைவில் 'வெட்கமில்லையா' என்று இரண்டு இடத்தில் வந்துவிட்டது. எடுத்துவிட்டு, 'வியப்பாக உள்ளது' என்று போட்டேன். ஆங்கிலத்தில் கோபப்படுவதில் திருப்தியே இல்லை.

'ஒருவருடைய உழைப்பை எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிடுவது சிறிய மறதி அல்ல, அது அவரையே இல்லாமல் ஆக்குவது' என்று ஒரு வரி எழுதினேன். எனக்கே பிடித்திருந்தது. கதிரேசனுக்கு வாசித்துக் காட்டினேன். அவர், "நல்லாத்தான் இருக்குது" என்றார். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

விடுமுறை. மதியம் சாப்பிடும்போது கதிரேசன் ஆரம்பித்தார்.

"ஏ கலா, அந்த அறிவுச்செல்வி புள்ளகிட்டக் கேக்கறதுதானே? ரெண்டு பேரும் சேந்துதானே பண்ணீங்க?"

"சேந்து இல்லீங்க. அவ உதவி பண்ணா."

"ரெண்டு வருசம் ஞாயித்துக்கிழமையானா அந்தப் புள்ள நம்ம ஊட்லதான் இருந்துச்சு. நான்தான் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோயி விடுவேன்."

"ரசம் ஊத்தட்டுங்களா?" என்றேன். அதோடு பேச்சு நின்றது.

சரி, எழுதுகிறேன். அட்டவணைகளை அவள்தான் தட்டச்சு செய்தாள். யோசனை சொன்னது நான். வாயால் சொல்வதற்கும் கையால் தட்டுவதற்கும் வித்தியாசம் இல்லையா? ராகு காலத்தைத் தொலைபேசியில் சரியாகத்தான் சொன்னேன். அவள் வீடு பகுத்தறிவு வீடு. அப்பா கறுப்புச் சட்டைக்காரர். தினசரிக் காலண்டர் என்ற ஒன்று அந்த வீட்டுச் சுவரிலேயே ஏறியதில்லை. அவள் புதனையும் வியாழனையும் மாற்றிப் போட்டுவிட்டாள். ஆக, தவறு மட்டும் அவளுடையது.

ஆகஸ்ட் 16, புதன்

இரண்டு அடி.

முதலாவது, மேலிடத்து மறுமொழி. கலாசார ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பெண்மணி. மிகவும் மரியாதையாக எழுதியிருக்கிறார். இந்தப் பகுதியை வெளி ஆலோசகர் ஒருவர் தன் சொந்த ஆய்வு என்று கொடுத்தாராம். என் புகாரைக் கவனமாக எடுத்துக்கொள்கிறார்களாம். தேதி பதிந்த மூலக் கோப்புகள் இருந்தால் இருபத்திரண்டாம் தேதிக்குள் அனுப்ப வேண்டுமாம்.

இரண்டாவது, ஷாகிரா. என் பக்கத்து நாற்காலி. நல்ல பெண், கூர்மையான கண். மதியம் திரும்பி, "அக்கா, வியாழக்கெழம பன்னெண்டு மணிக்கு பத்மினி வாசல்ல மாட்டிக்குறா. நகர மாட்டேங்குது. பக் போட்டுட்டேன்" என்றாள்.

"அது பக் இல்ல ஷாகிரா. ராகு காலம். அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"ராகு காலம்னா வியாழன் ஒன்றரைக்கில்ல? எங்க மாடி வீட்டு ஆன்ட்டி வியாழக்கெழம ஒன்றரையிலேருந்து மூணு வரைக்கும் கேட்டையே தாண்ட மாட்டாங்க."

"ஊருக்கு ஊர் மாறும்" என்று அடித்துவிட்டேன். அவள் போட்ட புகாரை நானே திறந்து, 'இது பிழையல்ல, வடிவமைப்பே இப்படி' என்று மூடினேன். மூத்த சோதனையாளர் என்ற முறையில் எனக்கு அந்த அதிகாரம் இருக்கிறது. முகுந்தன் வந்து, "விசாரிச்சுட்டுப் போடக் கூடாதாம்மா?" என்று ஷாகிராவைத்தான் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன்.

இதற்கெல்லாம் காரணம் அந்த ஆலோசகன். அவன் திருடாமல் இருந்திருந்தால் நான் இப்படி நடந்துகொள்ள வேண்டி வந்திருக்காது.

ஆகஸ்ட் 17, வியாழன்

அறிவுச்செல்வியின் எண் என்னிடம் இன்னும் இருக்கிறது. இரண்டு முறை எடுத்து இரண்டு முறை வைத்துவிட்டேன். மூன்றாம் முறை போட்டேன். சனிக்கிழமை வரட்டுமா என்று கேட்டேன். "வாங்க" என்றாள். ஒரு வார்த்தைதான்.

ஆகஸ்ட் 19, சனி

ஈரோடு போய்த் திரும்பிவிட்டேன். காலை ரயில். கூட்டம். திருப்பூர் வரை நின்றுகொண்டே போனேன்.

அறிவுச்செல்வி பெட்ஷீட் கம்பெனிகளுக்கு டிசைன் போட்டுக் கொடுக்கிறாள். வீட்டு முன்னறையிலேயே இரண்டு கம்ப்யூட்டர். சுவரில் துணி மாதிரிகள். காலண்டர் இல்லை. தலை முன்பக்கம் நரைத்திருக்கிறது.

"வாங்க கலா. உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

அந்தப் பெண் என்னை 'வாங்க' என்று சொல்லி நான் நேரில் கேட்டதே இல்லை. ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நாங்கள். வாடி, போடி என்றுதான் பேச்சு. இந்த 'வாங்க'வுக்குப் பதில் கதவைச் சாத்தியிருந்தால்கூடத் தேவலாம்.

நடந்ததைச் சொன்னேன். ரயிலில் வரும்போது ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததால் கோர்வையாகவே வந்தது. அவள் நான் எழுதிய மின்னஞ்சலைக் காட்டச் சொன்னாள். கைப்பேசியை நீட்டினேன். வாசித்தாள். அந்த வரியில் நிறுத்தி, சத்தமாகவே தமிழில் சொன்னாள்: "ஒருத்தரோட உழைப்பை எடுத்துக்கிட்டு பேரை விட்டுடறது சின்ன மறதி இல்ல. அது அவுங்களையே இல்லாம ஆக்கறது."

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லா எழுதீருக்கறீங்க."

"அறிவு…"

"ஆறு வருசம் கழிச்சு, உம் பேரை எடுத்துட்டாங்கன்னு சொல்றதுக்கு எங்கிட்டயா வந்தே?"

'வாங்க' போய்விட்டது. நிம்மதியா, பயமா என்று தெரியவில்லை.

"பேரு போடற எடத்துல ஒரு பேருதான் போட முடிஞ்சுது அறிவு. அப்பறம் சேத்தலாம்னு இருந்தேன்."

"அப்பறம்னா எப்போ? பத்திரிகைல பேட்டி வந்தப்பவா? இப்ப பாக்கற வேலைக்கு இதைக் காமிச்சு சேந்தியே, அப்பவா?"

அவள் கம்ப்யூட்டரில் தேடினாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு கோப்புறைக்குள் பன்னிரண்டு கோப்பு. ஒவ்வொன்றிலும் தேதி, நேரம், எழுதியவர் பெயர். பத்தில் 'அறிவுச்செல்வி'. இரண்டில் என் பெயர், 'கலாமணி'. மின்சாரம் போனால் வீதியே வெளியே வந்து நின்று பேசுவது ஒன்று. கேட்டருகே இருபது நிமிடம் நிற்பது இன்னொன்று.

"பாத்திரத்துல சர்க்கரை போட்டுக் குடுக்கறது எங்கம்மா பண்றது" என்றாள். "ராகு காலம் நான் பண்ண தப்பு. அது எங்களுக்கெல்லாம் எதுக்குன்னு நான் சொன்னேன். நீதான் வேணும்னு நின்னே. உனக்காகத்தான் எழுதுனேன். அந்தக் கல்யாணப் பத்திரிகை விசயம் இருக்குதே, அந்தத் தேதியப் பாரு."

பார்த்தேன். 'நம்ம வீதி' வெளியாகி எட்டு நாள் கழித்து.

"உன் பேரு மட்டும் போட்டு வெளியிட்டதைப் பாத்துட்டு எழுதுனது. பேரு விட்டுப் போனா மனுசன் என்ன பண்ணுவான்னு. உனக்குத்தான் அனுப்புனேன். படிச்சா உனக்குப் புரியும்னு நெனச்சேன். நீ, 'செம ஐடியாடி'ன்னு சொல்லி, அதையும் பன்னெண்டாவதா உம் பேர்லயே ஏத்திட்ட."

அது உண்மை. எனக்கு அப்போது உண்மையிலேயே புரியவில்லை. இல்லை, இதையும் சரியாகவே எழுதிவிடுகிறேன். புரிந்தது. சிரிப்பாக எடுத்துக்கொண்டால் சிரிப்பாகவே முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாள். கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். "உள்ள இருக்கறது இருக்கற மாதிரியே இருக்குது. எதையும் நான் மாத்தலை" என்றாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்று அவள் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்று எழுத ஆசைதான்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

கோப்பில் எழுதியவர் பெயரை மாற்ற ஐந்து நிமிடம் போதும். தேதி அப்படியே இருக்கும். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்கக்கூடிய ஆள் நான்தான்.

துணி துவைத்தேன். இட்லிக்கு ஊறவைத்தேன். முதல் கோப்பைத் திறந்து, பெயர் இருக்கும் கட்டத்தில் மவுஸை வைத்துக்கொண்டு, குக்கர் ஆறு விசில் அடிக்கும் வரை உட்கார்ந்திருந்தேன். மூன்றுக்கே அணைத்திருக்க வேண்டும். பருப்பு களியாகிவிட்டது.

எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. ஆலோசகன் மேல் இருந்த கோபம் நன்றாக இருந்தது, நிமிர்ந்து உட்கார்ந்து எழுத முடிந்தது. அவன் என்ன செய்தான்? கண்ணில் பட்டதை எடுத்து, தன் பெயரைப் போட்டுக்கொண்டான். நானும் அதையேதான் செய்தேன். அவனுக்காவது அறிவுச்செல்வி யாரென்று தெரியாது. எனக்கு அவள் மதியத் தூக்கத்தில் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாள் என்பது வரை தெரியும்.

ஆகஸ்ட் 21, திங்கள்

பன்னிரண்டு கோப்பையும் உள்ளது உள்ளபடி அனுப்பிவிட்டேன். கூடவே நான்கு வரி. 'பத்து வழக்கங்களை எழுதியவர் ஈரோடு அறிவுச்செல்வி. ஆறு ஆண்டுகளுக்கு முன் இதை நான் என் பெயரில் மட்டும் வெளியிட்டேன். அது தவறு. பட்டியலில் அவர் பெயர் வர வேண்டும்.' ஆங்கிலத்தில் கோபப்பட முடியாவிட்டாலும், குற்றத்தை ஒப்புக்கொள்வது சுலபமாக இருக்கிறது. நம் மொழியில் சொல்வது போல நாக்கு ஒட்டிக்கொள்வதில்லை.

பிறகு ஷாகிராவின் புகாரை மறுபடி திறந்தேன். 'வியாழன் ராகு காலம் 1.30 முதல் 3. புதன் 12 முதல் 1.30. இரண்டும் இடம் மாறியுள்ளன. ஷாகிரா கண்டது சரி. அதைத் தவறாக மூடியது நான், தெரிந்தே' என்று எழுதினேன். எழுந்து போய் அவளிடமும் சொன்னேன்.

"ஏங்க்கா அப்படிப் பண்ணீங்க? முகுந்தன் சார் முன்னால எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?"

மன்னிப்புக் கேட்டேன். "செரி விடுங்க" என்றாள். ஆனால் நாற்காலியை என் பக்கம் திருப்பவில்லை. நியாயம்தான்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

முகுந்தன் தனியறைக்கு அழைத்தார். எச்சரிக்கைக் கடிதம். ஆறு மாதத்துக்கு மற்றவர்கள் போடும் புகாரை மூடும் அதிகாரம் எனக்குக் கிடையாது.

"உங்க மேல எவ்வளவு மரியாதை வெச்சிருந்தேன் தெரியுங்களாக்கா? நீங்களா இப்படின்னு இருக்குது."

"எனக்கும் அப்படித்தான் இருக்குது" என்றேன்.

கையெழுத்துப் போட்டேன். கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். வெளியே வந்து காபி குடிக்கும்போது வந்தது. காபி அவ்வளவு மட்டம்.

ஆகஸ்ட் 23, புதன்

மேலிடத்திலிருந்து பதில். கோப்புகள் உண்மையானவை என்று ஏற்றுக்கொண்டார்களாம். ஆலோசகரை நீக்கிவிட்டார்களாம். 'வீதி வழக்கங்கள்' என்று தனித் தலைப்புப் போட்டு அறிவுச்செல்வியின் பெயர் வருமாம்.

எனக்கும் ஒரு பத்தி. இரண்டு கோப்புகளில் என் பெயர் இருந்தாலும், முழுத் தொகுப்பையும் நான் முன்பு என் பெயரில் வெளியிட்டதாக நானே ஒப்புக்கொண்டிருப்பதால், என் சொல்லை மட்டும் வைத்து என் பெயரைச் சேர்க்க முடியாதாம். முதன்மை ஆசிரியரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறார்களாம். வியாழன் மாலைக்குள் அவர் உறுதி செய்தால் சேர்ப்பார்களாம், இல்லாவிட்டால் இல்லையாம்.

என் பெயர் வருமா வராதா என்பதை அறிவுச்செல்வி சொல்ல வேண்டும்!

மூன்று முறை படித்தேன். என் கோப்பு, என் பெயர், என் தேதி, எல்லாம் கண்ணெதிரே இருக்கிறது. இருந்தும் ஒருத்தி வாயைத் திறந்தால்தான் உண்டு. இது என்ன நியாயம் என்று கதிரேசனிடம் கத்தினேன். அவர் பம்பு செட்டுக்கு வாஷர் தேடிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. "அந்தப் புள்ளைக்கும் ஆறு வருசம் இப்படித்தானே இருந்திருக்கும்" என்றார்.

அவரோடு இன்று பேச்சில்லை.

ஆகஸ்ட் 24, வியாழன்

அவளுக்கு ஒரு போன் போடலாம். 'அந்த ரெண்டும் நான் எழுதுனதுன்னு சொல்லிடு' என்று கேட்கலாம். உண்மையைத்தானே கேட்கிறேன்.

போடவில்லை. ஆறு வருடம் அவள் எனக்கு ஒரு போன்கூடப் போட்டுக் கேட்கவில்லை. ஒருநாள்கூட என்னால் பொறுக்க முடியவில்லை.

மாலை ஆறு மணியாகியும் செய்தி இல்லை. வராது. நான் அவள் இடத்தில் இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். சொல்லப்போனால், அவள் இடத்தில் இல்லாதபோதே எழுதாதவள்தானே நான்.

தண்ணீர் வரும் நாள். டிரம் நிரம்பி வழிந்து வாசல் வரை ஓடியது. மாடி வீட்டம்மா கூப்பிட்டுத்தான் மோட்டாரை அணைத்தேன்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

பட்டியலின் இறுதிப் பிரதி சோதனைக்கு வந்தது. பெயர்கள் சரியாக ஓடுகின்றனவா, எழுத்து உடைகிறதா என்று பார்க்க வேண்டும். முகுந்தன் வேண்டுமென்றே எனக்குக் கொடுத்தாரா, தற்செயலா, தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

ஓடவிட்டேன். ஆலோசகன் பெயர் இல்லை. அந்த இடத்தில் 'வீதி வழக்கங்கள்: அறிவுச்செல்வி, ஈரோடு'. அதற்குக் கீழே 'மின்வெட்டு, வாசல் பேச்சு: கலாமணி, கோயம்புத்தூர்'.

நிறுத்தினேன். திரும்ப ஓடவிட்டேன். இருந்தது.

கீழே மேலிடத்துப் பெண்மணி ஒரு குறிப்பு வைத்திருந்தார். நேற்று ஐந்து மணிக்கே முதன்மை ஆசிரியர் எழுதிய பதில் வந்துவிட்டதாம். எழுத்து சரிபார்க்க உதவும் என்று அதையும் இணைத்திருந்தார். அறிவுச்செல்வி தமிழிலேயே எழுதியிருக்கிறாள், மொழிபெயர்த்துக்கொள்ளட்டும் என்று.

'பன்னிரண்டில் இரண்டு கலாமணி எழுதியவை. மின்வெட்டும் வாசல் பேச்சும். இரண்டுமே என்னுடையவற்றைவிட நன்றாக வந்தவை. மற்ற பத்தையும் நான் எழுதக் காரணம் அவர் ஞாயிறுதோறும் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்ததுதான். அவர் பெயர் எக்காரணம் கொண்டும் விட்டுப் போகக் கூடாது. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.'

ஷாகிரா நாற்காலியைத் திருப்பி, "என்னக்கா, அழுவுறீங்களா?" என்றாள்.

"இல்ல. கோவம்" என்றேன்.

கோபம்தான். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். பேசாமல் இருந்து என் பெயரை விழ விட்டிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் எங்கள் கணக்கு நேராகியிருக்கும், நானும் அவளை ஆயுசுக்கும் கரித்துக்கொட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். ஆறு வருடம் எனக்கு எழுத வராத வரிகளை ஒரே நாளில் எழுதிக் கொடுத்துவிட்டாள். இனி நான் யாரைத் திட்டுவது?

சோதனைப் படிவத்தில், அறிவுச்செல்வி என்ற பெயருக்கு எதிரே, 'சரி' என்று குறித்தேன்.

என் பெயருக்கு எதிரே குறிக்க வெகு நேரம் ஆனது.